சாமி கும்பிடாத வீட்டில் பண்டிகை எதற்கு?

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. என் மனைவி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கும் இப்போது நம்பிக்கை இல்லை. ஆனாலும் டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டுகிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பானை வைக்கிறோம். தீபாவளிக்குப் பலகாரம் செய்கிறோம். நண்பர்கள் சிலர் இதைப் போலித்தனம் என்கிறார்கள். மதம் வேண்டாம் என்றவர்கள் மதப் பண்டிகையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

நம்பாததை நம்புவதாகக் காட்டிக்கொண்டால்தான் போலித்தனம். நீங்கள் இருவரும் யாரிடமும் அப்படிக் காட்டிக்கொள்ளவில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அதனால் அந்தச் சொல்லை மனதில் போட்டு வருந்த வேண்டாம். ஆனால் "ஏன்" என்று கேட்டீர்களே, அது யோசிக்கவேண்டிய கேள்வி. நான் வளர்ந்த வீட்டிலேயே அது இருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா திருச்சியில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். இரண்டு ட்ரெடில் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், ஐந்து பேருக்கு வேலை. அப்பா கருப்புச் சட்டைக்காரர். வீட்டில் பூஜை அறை கிடையாது. அம்மாவின் முருகன் படம் மட்டும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அப்பா அதை எடுக்கச் சொன்னதும் இல்லை, ஏறிட்டுப் பார்த்ததும் இல்லை. ஊரார் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் பிள்ளையார் பிளாக் வைத்து அடித்துக் கொடுப்பார். அது தொழில், சரி. ஆனால் ஆயுத பூஜை வந்தால் முதல் நாள் மாலையே வேலையை நிறுத்திவிடுவார். மெஷினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள், எழுத்து கேஸ்களை இறக்கித் தூசு தட்டுவார்கள். எழுத்துக் கோக்கும் மூத்த கம்பாசிட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அப்பா ஓரமாக நின்று பார்ப்பார். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் அவர் காசு. கடைசியில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கவர் கொடுப்பார்.

பத்துப் பன்னிரண்டு வயதில் அவரிடம் கேட்டேன். "சாமி இல்லைன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குப்பா இதெல்லாம்?" அப்பா சொன்னது இது: "எனக்குச் சாமி இல்லை. அவங்களுக்கு நாள் இருக்கே."

எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. பண்டிகை என்பது நாம் பலருக்குத் தரவேண்டிய பாக்கியைத் தீர்க்கும் நாள். கடவுளுக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்று நம்புகிறவர் அதையும் சேர்த்துத் தருகிறார். நம்பாதவரின் கணக்கில் அந்த ஒரு பங்கு மட்டும் இல்லை. கூட வேலை செய்பவருக்கு, கட்டிக்கொடுத்த தங்கைக்கு, பக்கத்து வீட்டுக்கு, இறந்துபோனவர்களுக்குத் தரவேண்டியது எல்லாம் அப்படியே நிற்கிறது. கடவுள் இல்லை என்று முடிவெடுத்ததால் தங்கைக்கு அனுப்பவேண்டிய பொங்கல் சீர் தள்ளுபடி ஆகிவிடாது.

இதே கேள்விக்கு வேறொரு பதில் அடிக்கடி சொல்லப்படுகிறது. "கிறிஸ்துமஸ் முதலில் கிறிஸ்தவப் பண்டிகையே இல்லை, ரோமானியர்களின் குளிர்கால விழா, பொங்கல் வெறும் அறுவடை விழா, எனவே நாம் கொண்டாடலாம்" என்பார்கள். எனக்கு இந்த வாதத்தில் ஈடுபாடு இல்லை. வரலாறு எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், ரோமானியர்களை நினைத்துக்கொண்டு யாரும் கேக் வெட்டுவதில்லை. பொங்கலிலும் சூரியனை வணங்கும் பங்கு இருக்கிறது. மஞ்சள் கொத்து கட்டிய பானைக்கு முன் கிழக்கு பார்த்துக் கும்பிடும் கோடிக்கணக்கானவர்களிடம் போய் "இதில் மதம் இல்லை" என்று சொல்வது சரியில்லை. பண்டிகையில் மதம் இருக்கிறது. மதம் மட்டுமே இல்லை என்பதுதான் என் வாதம்.

நம்பிக்கை வேறு, பண்டிகை வேறு என்பதைப் புரிந்துகொள்ள நாத்திகர்களைப் பார்ப்பதைவிடத் தீவிர நம்பிக்கையாளர்களைப் பார்ப்பது உதவும். கிறிஸ்துமஸைச் சட்டம் போட்டுத் தடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கடவுளை மறுத்தவர்கள் இல்லை. இங்கிலாந்தின் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். டிசம்பர் 25 என்ற நாள் பைபிளில் எங்கும் இல்லை. குடியும் கூத்துமாக மக்கள் கொண்டாடுவது பக்தியும் இல்லை என்பது அவர்கள் கட்சி. 1647-இல் அவர்கள் ஆதிக்கத்தில் இருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விழாக்களை ரத்து செய்தது. அந்த டிசம்பரிலேயே கேன்டர்பரி நகரில் கலவரம் வெடித்தது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் 1958-இல்தான் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது. அதுவரை அவர்களுடைய பெரிய கொண்டாட்டம் புத்தாண்டு இரவுதான்.

நம் பக்கத்திலும் இது உண்டு. நாகூர் கந்தூரிக்குச் சாதி மத வேறுபாடு இல்லாமல் கூட்டம் போகிறது. அதைக் கூடாது என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இஸ்லாத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் தவ்ஹீத் அமைப்பினர். ஆக, நம்பிக்கை மிக அதிகமானவரும் பண்டிகையை மறுக்கலாம், நம்பிக்கையே இல்லாதவரும் கொண்டாடலாம். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை என்றால் இப்படி நடக்காது.

இதற்கு மிகப் பெரிய சான்று சோவியத் ஒன்றியத்தில் இருக்கிறது. கடவுளையும் பண்டிகையையும் சேர்த்து அகற்ற ஒரு வல்லரசு முழு பலத்தோடு முயன்ற இடம் அது. 1929-இல் அங்கே வாரத்தையே மாற்றினார்கள். ஐந்து நாள் வாரம். தொழிலாளர்களை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு நாள் விடுப்பு. இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக்கூடாது என்பது ஒரு காரணம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகும் வழக்கத்தை உடைப்பது இன்னொரு காரணம். விளைவு என்ன? கணவனுக்கு விடுப்பு இருக்கும் நாளில் மனைவி ஆலையில் இருந்தார், பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 1931-இல் எல்லாருக்கும் பொதுவான விடுப்பு நாளோடு ஆறு நாள் வாரம் வந்தது. 1940-இல் பழைய ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பின. பிரான்சில் புரட்சிக்காரர்கள் 1793-இல் கொண்டுவந்த பத்து நாள் வாரமும் இப்படித்தான் நிலைக்காமல் போயிற்று. ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் விடுமுறை ஓய்வு, அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்தால்தான் யாராவது வீட்டுக்கு வருவார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது அங்கே கிறிஸ்துமஸ் மரத்துக்கு நேர்ந்த கதை. 1920-களின் இறுதியில் அந்த மரத்தைப் பாதிரிமார் வழக்கம் என்று கண்டித்து ஒழித்தார்கள். 1935 டிசம்பர் 28 அன்று பிராவ்தா பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பாவெல் போஸ்திஷெவ், கம்யூனிஸ்ட் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். புரட்சிக்கு முன் பணக்காரக் குழந்தைகள் ஒளிரும் மரத்தைச் சுற்றி ஆடியபோது தொழிலாளியின் குழந்தைகள் சன்னல் வழியே ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தார்கள். இப்போது அந்த மகிழ்ச்சியை நம் குழந்தைகளுக்கு ஏன் மறுக்கவேண்டும், பள்ளிகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் புத்தாண்டுக்கு மரம் வையுங்கள் என்று அவர் கேட்டார். சில நாட்களிலேயே மரம் திரும்பி வந்தது. இந்த முறை அது புத்தாண்டு மரம். உச்சியில் பெத்லகேம் நட்சத்திரம் இருந்த இடத்தில் சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரம். பரிசு கொண்டுவர பனித்தாத்தாவும் அவர் பேத்தியும். 1947 டிசம்பரில் வந்த ஆணையால் ஜனவரி 1 விடுமுறை நாளும் ஆயிற்று. கடிதம் எழுதிய போஸ்திஷெவ் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1938-இல் கைதாகி, அடுத்த ஆண்டே கொல்லப்பட்டார். அவர் கேட்டு வாங்கித் தந்த மரம் சோவியத் ஒன்றியமே கலைந்த பிறகும் நிற்கிறது.

அந்த மரத்தைச் சுற்றி நின்றவர்கள் யார் என்று பாருங்கள். ரஷ்யர், உஸ்பெக்கியர், யூதர், ஆர்மேனியர் எல்லாரும் நின்றார்கள். கடவுளை எடுத்தவுடன் அது எல்லார் வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது. சோவியத் கலைந்த காலத்தில் பத்து லட்சம் அளவுக்கு மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். போன இடத்திலும் டிசம்பர் 31 இரவு மரம் வைத்தார்கள். அங்கிருந்த பலர், "யூதர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரமா?" என்று முகம் சுளித்தார்கள். குடிபெயர்ந்து வந்த பாட்டிகளுக்கு அது கிறிஸ்துமஸே கிடையாது. பனிக்காலத்தில் கிடைத்த ஆரஞ்சு, மேசை நிறைய சாலட், நள்ளிரவில் வானொலியில் கேட்ட கிரெம்ளின் மணியோசை, அவ்வளவும் சேர்ந்த தங்கள் வாழ்க்கை அது.

இஸ்ரேலில் அதற்கும் முன்பே இன்னொரு முயற்சி நடந்திருந்தது. கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகளைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மதத்தை விட்டு வெளியேறிய சோஷலிஸ்டுகள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுதலை பெற்றதை நினைக்கும் பாஸ்கா இரவை மட்டும் அவர்கள் விடவில்லை. அன்று வாசிக்கும் நூலைத் தங்களுக்கேற்றபடி திருப்பி எழுதிக்கொண்டார்கள். பண்ணைக்குப் பண்ணை ஒரு வடிவம். கடவுள் செய்த அற்புதங்களின் இடத்தில் உழைப்பும் அறுவடையும் வந்தன. 1943-இல் வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ பகுதியில் நாஜிகளுக்கு எதிரான எழுச்சி பாஸ்காவுக்கு முந்தின நாள் தொடங்கியது. பின்னால் அந்த நினைவும் பல வடிவங்களில் சேர்ந்தது. எகிப்துக் கதையில் அற்புதத்தை நம்பாதவர்களுக்கும் அடிமையாக இருந்ததும் விடுபட்டதும் சொந்தக் கதையாகவே இருந்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஆண்டுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் இதைத்தான் 1912-இல் விளக்கினார். அவர் யூத மதகுருமார் பரம்பரையில் பிறந்து நம்பிக்கையை விட்டவர். மக்கள் ஒன்றாகக் கூடிச் சடங்கு செய்யும்போது எழும் உணர்வுக்குக் காரணம் அந்தக் கூட்டமே. சமூகம் தன்னைத் தானே உணரும் தருணம் அது என்றார். தேர் நிலையிலிருந்து அசையும் கணத்தில் தெருவில் நின்றிருந்தால் போதும், இதை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கு எந்தச் சாமியும் இல்லை. திருவாரூர்த் தேர் அசையும்போது கண் கலங்கியிருக்கிறேன்.

இந்தியாவில் மேற்கு வங்கத்தைப் பாருங்கள். 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் இடதுசாரி ஆட்சி. துர்கா பூஜை அந்த ஆண்டுகளில் சுருங்கவில்லை, பெருகியது. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் பந்தல்களுக்குப் பக்கத்தில் புத்தகக் கடை போட்டார்கள். துர்கையைப் பார்க்க வந்தவர்கள் லெனினையும் வாங்கிப் போனார்கள். கொல்கத்தாவின் துர்கா பூஜையை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருப்பார்கள். ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தால் ஸ்ட்ராபெரி கேக்கும், 1974-இல் கேஎஃப்சி விளம்பரம் தொடங்கிவைத்த வறுத்த கோழியும் உண்டு. அது பெரும்பாலும் வியாபாரம் உருவாக்கிய வழக்கம்; உங்கள் கேள்விக்கு அதில் அதிகம் கிடைக்காது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இங்கே கடவுள் மறுப்பு ஒரு மக்கள் இயக்கமாகவே இருந்தது. பெரியார் தீபாவளியைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்பு வெறும் "சாமி இல்லை" என்பதோடு நின்றதில்லை. யாரைக் கொன்றதற்கு யார் மகிழ்வது என்று கேட்டார். அசுரன் என்று புராணம் சொல்வது இந்த மண்ணின் மக்களையே என்பது அவர் வாசிப்பு. அதை ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தீபாவளி கொண்டாடுவது கடவுள் நம்பிக்கை பற்றிய விஷயமே இல்லை, தன்மானம் பற்றிய விஷயம். உங்கள் நண்பர்களில் அப்படி நினைக்கிறவர் இருந்தால் அவரை மதிக்கவேண்டும். அவர் கேட்பது போலித்தனத்தைப் பற்றிய கேள்வி கிடையாது. அது வேறு, கனமான கேள்வி.

ஆனால் பெரியாரும் மக்களைப் பண்டிகையே இல்லாமல் விடவில்லை. தமிழர்கள் கொண்டாடத்தக்க விழா பொங்கல் என்றார். திராவிட இயக்க ஏடுகள் பொங்கல் மலர்கள் வெளியிட்டன. வாழ்த்து அட்டைகளில் வள்ளுவரும் உழவரும் காளையும் வந்தார்கள். எங்கள் அச்சகத்தில் மார்கழி முழுக்க அந்த அட்டைகள்தான் ஓடும். மை காய்வதற்காகக் கயிற்றில் தொங்கும் அட்டைகளுக்கு அடியில் குனிந்து நடப்போம். தீபாவளிக்கு அப்பா எங்களுக்குத் துணி எடுத்ததில்லை, பொங்கலுக்குத்தான் எடுப்பார். அச்சக ஊழியர் ஐவருக்கும் சேர்த்து எடுப்பார். தீபாவளி அன்று விடியற்காலையில் அம்மா எங்கள் தலையில் எண்ணெய் வைப்பார், அப்பா தடுக்கமாட்டார். ஒரு வீட்டில் இரண்டும் நடக்க முடிந்தது.

திருமணத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் சடங்கு எப்படி நிலைக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. அண்ணா முதலமைச்சரான 1967-இல் அவற்றுக்குச் சட்ட அங்கீகாரம் தரும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் ஆயின. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம். மந்திரம் போயிற்று. ஆனால் மேடையும் மாலையும் பந்தியும் வாழ்த்துரையும் இருந்தன, தலைமை தாங்க ஒரு பெரியவரும் இருந்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்று அந்த இயக்கம் சொல்லவில்லை. பத்துப் பேர் பார்க்க நடக்கவேண்டியவை மனித வாழ்க்கையில் இருக்கின்றன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பணத்தையும் மறந்துவிடக் கூடாது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். நம் ஊரில் அது தீபாவளியை ஒட்டித்தான் கைக்கு வரும். மாதாமாதம் கட்டிய தீபாவளிச் சீட்டும் அப்போதுதான் முதிரும். துணிக்கடைத் தள்ளுபடி, ஊருக்குப் போகக் கூடுதல் பேருந்து, பள்ளி விடுமுறை, வெளியூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு லீவு, எல்லாம் அந்த ஒரே நாளை நோக்கிக் குவிந்திருக்கின்றன. நாத்திகருக்கென்று தனிக் காலண்டர் அச்சாவதில்லை. அம்மாவோடு மூன்று நாள் சேர்ந்தாற்போல் இருக்கவேண்டுமென்றால் அவருக்கும் அந்த நாள்தான் கிடைக்கிறது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் கொண்டாடிவிடலாமா? இல்லை. எனக்கு இரண்டு எல்லைகள் உண்டு.

ஒன்று, பொய் சொல்லச் சொல்லும் இடம். தீபாராதனைத் தட்டு வரும்போது நான் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை. தட்டைக் கும்பிடுபவரின் பக்கத்தில் அமைதியாக நிற்கிறேன். நெற்றியில் திருநீறு பூச அம்மா கை நீட்டினால் குனிந்துவிடுவேன், ஏனென்றால் அது அம்மாவின் கை. வேண்டுதல் செய், சங்கல்பம் சொல் என்றால் மாட்டேன். அந்த வார்த்தைகளை மனதார நம்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாயால் மட்டும் சொன்னால் அவர்கள் நம்பிக்கையை மலிவாக்குகிறேன்.

இரண்டாவது எல்லைதான் பெரியது: யாரையாவது வெளியே நிறுத்தும் கொண்டாட்டத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் உரிமைக்காகப் பட்டியல் சாதி மக்கள் பல ஆண்டுகள் நீதிமன்றம் வரை போராடவேண்டி வந்தது. தேர் அசையும்போது கண் கலங்குகிற நான், வடத்தில் யார் கை இல்லை என்றும் பார்க்கவேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்குக் குங்குமச் சிமிழ் நீட்டாமல் அடுத்தவரிடம் போகிற நவராத்திரிக் கொலு எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு அது கொண்டாட்டமாகத் தெரிவதில்லை. துர்க்கைம் சொன்ன அந்தக் கூட்ட உணர்வு உண்மைதான், ஆனால் அது "நாம்" என்று கோடு போடும்போதே சிலரைக் கோட்டுக்கு வெளியேயும் தள்ளுகிறது. நம்பாதவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. முறை மாறினால் தெய்வக் குற்றம் வரும் என்ற பயம் நமக்கு இல்லை. அதனால் சிமிழை முதலில் அந்தப் பெண்ணிடம் நீட்ட முடியும். இரவு சமையலறையில் அம்மாவும் அக்காவும் மட்டும் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தால் நாமும் போய் உட்கார முடியும். பண்டிகையை மக்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்வது புதிதும் இல்லை. அதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று நெடுங்காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி அங்கேயும் நடக்கத்தான் செய்கிறது.

உங்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி பிறந்த வீட்டில் அவருடைய அப்பாவோ தாத்தாவோ மூங்கில் குச்சி வளைத்து, தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு அதைக் கட்டியிருப்பார். திருமணமாகி, நம்பிக்கையும் போய், வேறு வீட்டில் வாழும் பெண்ணுக்குத் தன் சிறுவயதைத் தொடும் வழிகள் எத்தனை இருக்கும்? அதில் ஒன்றை நண்பர் சொன்னார் என்று கழற்றச் சொல்லாதீர்கள். நாளை உங்கள் பிள்ளை "இயேசு நிஜமாவே மாட்டுக்கொட்டில்லதான் பிறந்தாரா?" என்று கேட்டால், பலர் அப்படி நம்புகிறார்கள், நாங்கள் நம்பவில்லை, ஆனால் இடமில்லாமல் அலைந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கதை உன் பாட்டி வீட்டில் சொன்ன கதை என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது புரியும். பெரியவர்கள் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

கடைசியாக, இறந்தவர்களைப் பற்றி. பொங்கலன்று படையலில் புதுத்துணி வைத்து முன்னோரை நினைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் படையல் கிடையாது. அவர் இறந்த அடுத்த பொங்கலுக்கு அம்மா அவருக்கும் ஒரு வேட்டி எடுத்து வந்து படத்துக்கு முன் இலையில் வைத்தார். அப்பாவுக்கு இது பிடித்திருக்காது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். முப்பத்தொன்பது ஆண்டு அந்த மனிதருக்குப் பொங்கல் வேட்டி துவைத்துப் போட்டவர் அவர். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன்.

அம்மா போய் ஆறு ஆண்டு ஆகிறது. இப்போது நான் எடுக்கிறேன், நான் வைக்கிறேன். அப்பா வந்து எடுத்துக்கொள்வார் என்று ஒரு நொடியும் நினைத்ததில்லை. ஒரு நாள் முழுக்க வேட்டி படத்துக்கு முன் இருக்கும். காணும் பொங்கலன்று காலை பதினொரு மணிவாக்கில் எங்கள் பழைய கம்பாசிட்டர் வருவார், வயது எண்பது தாண்டிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு. அப்பா படத்தின் முன் நின்று கண்ணை மூடிக் கும்பிடுவார். பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தபடி, கருப்புச் சட்டை போட்ட அந்த முதலாளி ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷினுக்கு அடியில் படுத்து, கடைசி நட்டு வரைக்கும் தன் கையால் எப்படித் துடைப்பார் என்று என் பேத்திக்குச் சொல்வார். கிளம்பும்போது வேட்டியை நான் அவர் கையில் கொடுப்பேன்.